பல்லக்கை நிறுத்திய தையல்நாயகியார்

கொள்ளிடத்தின் தென்கரையில், பிணிதீர்த்த பெருமான் கோயில் கொண்ட ஊரில், மருத்துவமனைத் துணிகளை வெளுத்துப் பிழைத்த ஒரு தாய்க்கு மகளாகப் பிறந்தவர் தையல்நாயகியார். செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துவந்தார். விடியுமுன் கோயிலின் வெளிப்பிராகாரத்தைக் கூட்டுவார். கூட்டியபடியே பதிகம் பாடுவார். மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும், சீருடையைக்கூட மாற்றாமல், கோபுர வாசலில் கிடக்கும் ஆதரவற்றோரின் புண்களைக் கழுவிக் கட்டுவார். ஆறாத புண்ணை ஆற்றுவதே தம் தொழிலாக வேண்டும் என்று உறுதி கொண்டிருந்தார். உடன் படித்தோர் 'சீழ்ச் சாமியார்' என்று கேலி செய்தபோது சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

வைகாசித் திருவிழாவின் முதல் நாள், ஓதுவார் அவருடைய குரலைக் கேட்டுச் சந்நிதியில் பாட அழைத்திருந்தார். தர்மகர்த்தா வேதமூர்த்தி வாசலிலேயே மறித்தார்.

"சீழைத் தொட்ட கையோட உள்ள வரலாமா? அங்கயே நில்லும்மா."

"கழுவிட்டுத்தான்யா வந்திருக்கேன். உங்க கையைவிட என் கை சுத்தம்."

ஓதுவார் தலைகுனிந்தார். வெளியே தள்ளப்பட்ட அம்மையார் கொடிமரத்தடியில் நின்று இறைவனை நோக்கிக் கத்தினார்.

"பிணி தீர்த்தவன்னு பேரு வச்சிக்கிட்டு, பிணியைத் தொட்டவளைத் தொரத்துறியா? அந்தாளு சொன்னது உன் பேச்சா? இல்லன்னா வாயைத் தொறந்து சொல்லேன்! எதுக்குக் கல்லாட்டம் ஒக்காந்திருக்க?"

இறைவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் துடைப்பத்தோடு வந்து நின்றார் அம்மையார். பிறருடைய கோபம் கோயிலை விட்டு விலகச் சொல்லும். இவருடைய கோபமோ இவரைத் தட்டி எழுப்பி, அங்கேயே கொண்டுவந்து சேர்த்தது. ஆறு நாளும் வைதுகொண்டே கூட்டினார்.

ஏழாம் நாள் காலை, பல்லக்கு புறப்படும் நேரம். "சாமி வர்ற வழியில இதுங்க கெடக்கக் கூடாது" என்று தர்மகர்த்தா உத்தரவிட, ஆட்கள் நோயாளிகளை இழுத்து அப்புறப்படுத்தினர். சர்க்கரை நோயால் பாதம் அழுகியிருந்த மருதப்பன் என்னும் முதியவரை இழுத்தபோது கட்டு அவிழ்ந்து, புண்ணுக்குள் மணல் ஏறியது. ஓடிவந்த அம்மையார் நடுத்தெருவிலேயே அமர்ந்தார். அந்தக் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மணலைக் கழுவத் தொடங்கினார்.

"உயிரு போவுது தாயீ!" என்று முதியவர் அலறினார். அவர் மனத்தை வலியிலிருந்து திருப்ப, அம்மையார் மெல்லிய குரலில் பதிகத்தைப் பாடினார்.

பல்லக்கு அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றது.

"தூக்குங்கடா! சுத்திப் போங்க!" என்று வேதமூர்த்தி கூச்சலிட்டார்.

"முடியலைங்க" என்றார் முன்தோள் கொடுத்தவர், வியர்வை வழிய. "மலையைத் தூக்கி வச்சாப்புல கனக்குது. காலே பேரல."

இன்னும் எட்டுப் பேர் வந்து தோள் கொடுத்தனர். அப்போதும் பல்லக்கு அசையவில்லை. தர்மகர்த்தா அம்மையாரை நோக்கிப் பாய்ந்தார். "எந்திரி! சாமி நிக்கிறாரு, தெரியல?"

அம்மையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிக்கட்டும். கட்டு இன்னும் முடியல."

கடைசி மணலும் நீங்கியது. துணியைச் சுற்றி முடிச்சிட்டபோது பதிகத்தின் கடைசி அடியும் முடிந்தது. அந்தக் கணமே தோள்களின் பாரம் இறங்கியது. தூக்கியவர்கள் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தனர். வேதமூர்த்தி வழி விட்டு ஒதுங்கினார்.

ஓதுவார் கண்ணீரோடு பெருமானின் மாலையைக் கழற்றி எடுத்து வந்தார். "அம்மா, உங்க பாட்டைக் கேக்கத்தான் நின்னிருக்காரு."

அம்மையார் அப்போதுதான் நிமிர்ந்து பல்லக்கைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன, கோபம் தணியவில்லை.

"ஏழு நாளு ஆச்சா உனக்கு?" என்றார்.

பிறகு, இரத்தம் படிந்த கைகளை விலக்கி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் தாழ்த்தி அந்த மாலையை ஏற்றார்.

இறைவனையே வைதும் அவன் பணியை ஒரு நாளும் விடாத தையல்நாயகியாரின் சினம் நம் கைகூப்புதலினும் தூயது. அவர் திருவடி வாழ்க.