பத்தாவது ஆள்

பல வருடமாக இதை நான் முழுசாக நம்பியதில்லை. கொச்சியில் முட்டை விற்ற யூதர் நெகேமியா சொன்னது.

ஏலியாஸ் முதலாளி ஜெப ஆலயத்துக்குப் புதிய சரவிளக்கு வாங்கித் தந்திருந்தார். அன்று அவருடைய அப்பாவின் நினைவுநாள். ஒட்டுப்போட்ட சட்டையோடு வந்த நெகேமியாவிடம், "விளக்கோட அழகே கெடுது. வெளியே நில்லு" என்றார்.

"என் வீட்டுக்காரி ஆசையாத் தைச்ச ஒட்டு, முதலாளி" என்றபடி நெகேமியா வெளியேறினார்.

உள்ளே மிஞ்சியது ஒன்பது ஆண்கள். பத்துப் பேர் இல்லாமல் அப்பாவுக்கான ஜெபத்தைச் சொல்ல முடியாது. முதலாளி வாசலுக்கு ஓடிவந்தார்.

"உள்ளே வாங்க, நெகேமியா."

"நான் எதுக்கு? பத்தாவதா அந்த விளக்கை நிறுத்திக்குங்களேன்."

முதலாளி கையைப் பிடித்து அழைத்துப்போய், விளக்குக்கு நேர் கீழே அவரை நிறுத்தினாராம்.

போன மாதம் நெகேமியாவிடம் கேட்டே விட்டேன்: "வெளியே போறதுக்கு முன்னாடி ஆட்களை எண்ணிப் பார்த்தீங்களா?"

"முட்டை விக்கிறவன் எண்ணாம இருப்பானா?" என்றார்.