நின்ற இடத்துச் சைக்கிள்

மலையடிவாரத்து மடத்துக்குச் சிற்றம்பலம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வயது அறுபத்தேழு. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர்.

மனைவி கோமளம் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்ம பொண்ணு நல்லாயிருக்கணும்னு பூசத்துக்கு எடுக்கிற பால்குடத்தை மட்டும் விட்டுராதீங்க."

மலைமேல் முருகன் கோயிலுக்கு முந்நூற்றுப் பதினாறு படி. போன தைப்பூசத்தன்று நூறாவது படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடம் வேறு யார் தலையிலோ ஏறி மேலே போனது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் ஐப்பசி வரைக்கும் ஓய்வெடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான், "தினம் நாற்பது நிமிஷம் சைக்கிள் மிதிங்க. தை பிறக்கட்டும், ஏறலாமா வேண்டாமான்னு பார்த்துச் சொல்றேன்" என்றார்.

ஓசூரில் இருக்கும் மகள் கயல்விழி ஒரே வாரத்தில் சைக்கிளை அனுப்பிவிட்டாள். ரோட்டில் ஓடுகிற சைக்கிள் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று மிதிக்கிற சைக்கிள்.

மடத்தை நடத்துகிறவரை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சிற்றம்பலத்தைவிட ஏழெட்டு வயது இளையவர். சிற்றம்பலம் அவர் முன்னால் கைகட்டி நின்று கேட்டார்.

"அம்மா, வர்ற பூசத்துக்கு நான் மலை ஏறிருவேனா?"

"மிதிங்க ஐயா. பார்ப்போம்."

மறுநாளே மிதிக்க ஆரம்பித்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு நோட்டு. டிப்போவில் போட்ட மாதிரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். புறப்பட்ட நேரம், 5.30. வந்து சேர்ந்த நேரம், 6.10. நடுவில் ஊர் பெயருக்கு ஒரு கட்டம். கைப்பழக்கத்தில் அதையும் போட்டுவிட்டார். அது காலியாகக் கிடந்தது.

அம்மா நோட்டை எடுத்துப் பார்த்தார். காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

சிற்றம்பலம் சிரித்தார். "இது எங்கேயும் போகாதும்மா. நிக்கிற சைக்கிள்."

மறுநாளும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"நேத்தே சொன்னேனே அம்மா."

மூன்றாம் நாளும் கேட்டார். பத்தாம் நாளும் கேட்டார். ஒரு மாதம் ஆனபோது சிற்றம்பலத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறதோ? இல்லை, வேண்டுமென்றே சீண்டுகிறாரா? குருவாயிற்றே, என்ன சொல்ல முடியும்.

போதாக்குறைக்குச் சமையல்கட்டுப் பொன்னுத்தாய். விடிவதற்குள் ஈரத் துண்டு, கரித்துணி எல்லாவற்றையும் சைக்கிள் மேல்தான் காயப்போடுவாள்.

"கொடியில போடக் கூடாதா தாயி?"

"கொடியில இடமில்லை அண்ணாச்சி. இது சும்மாதானே நிக்குது?"

ஒவ்வொரு நாளும் மாலையில் மகள் போன் செய்வாள். சிற்றம்பலத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மடம் முழுக்கக் கேட்கும்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இன்னைக்கு நாற்பது நிமிஷம். பன்னிரண்டு கிலோமீட்டர்."

"சரிப்பா. அப்புறம், ஒண்ணு சொல்லணும்…"

"நேத்தைவிட அரை கிலோமீட்டர் கூட. வெச்சிரட்டுமா?"

வைத்துவிடுவார். மூன்று மாதமாக இப்படித்தான்.

தை பிறந்தது. டாக்டரிடம் போனார். கையோடு நோட்டையும் கொண்டுபோனார். ஒரு நாள் விடுதல் இல்லை, ஒரு நிமிஷம் குறைவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "காலெல்லாம் நல்லா உரமேறியிருக்கு. பிரஷர்தான் இறங்கவே மாட்டேங்குது. மனசுக்குள்ள எதையோ வெச்சு விரட்டிக்கிட்டே இருக்கீங்க. இன்னும் பத்து நாள் பார்ப்போம். இப்படியே இருந்தா மலை வேண்டாம்."

மடத்துக்குத் திரும்பி வந்தவர் நோட்டை ஸ்டூலில் வீசினார். சைக்கிள் ஹேண்டிலில் இரண்டு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. உருவிக் கீழே போட்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார்.

"பிரஷராம். எப்படி இறங்கும்? வேகு வேகுன்னு மிதிச்சிட்டு இறங்கினா, எங்கே போயிட்டு வர்றீங்க, எங்கே போயிட்டு வர்றீங்கன்னு… மூணு மாசமா அம்மா. எங்கேயும் போகலை, எங்கேயும் போகலைன்னு எத்தனை தடவைதான் சொல்றது? செத்தவளுக்குக் குடுத்த வாக்கு. இந்த வருஷமும் குடம் ஊரார் தலையில போகணுமா?"

குரல் உடைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னார்? நான்கூட ஒண்ணு சொல்லணும்…"

"கால் நல்லாயிருக்காம். வெச்சிர்றேன்."

வைத்துவிட்டார்.

அம்மா கீழே கிடந்த துண்டுகளை எடுத்து உதறி மடித்து வைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். மீட்டரைத் தட்டிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மிதித்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது, ஜபம் பண்ணுகிற மாதிரி.

சிற்றம்பலம் நின்று பார்த்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அவருக்கு மண்டை காய்ந்தது. ஒரு மனுஷன் இங்கே வெந்துகொண்டிருக்கிறான், இவருக்கு விளையாட்டாக இருக்கிறது.

கடைசியில் அம்மா இறங்கினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

சிற்றம்பலம் விடவில்லை. நோட்டைத் திறந்தார். காலிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, அதே குரலில் கேட்டார்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"ஓசூருக்கு."

பேனா நின்றது.

"கயல்விழி வீட்டுக்குத்தான். பாவம், அந்தப் பொண்ணு மூணு மாசமா எதையோ சொல்ல வாயெடுக்குது. என்னன்னு கேட்டுட்டு வரலாம்னு போனேன்."

சிற்றம்பலம் கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார்.

"என்ன சொன்னா?"

அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்டே எப்படிய்யா சொல்லுவா? அப்பா வரலியான்னு கேட்டா."