கண் திறக்காத மீன்

பனாமா நாட்டுத் தீவொன்றில், தேங்காய் உரித்துப் பிழைத்த இனாதிலி தன் ரவிக்கைக்கு ஒரு மோலா தைத்தாள். துணிமேல் துணி அடுக்கி, மேல்துணியை வெட்டி விலக்கி, அடியில் இருக்கும் நிறத்தை மலரவைக்கும் தையல் அது. சிவப்புக் கடலில் ஒரு கறுப்பு மீன் தூக்கத்தில் மிதப்பதுபோல் மிதந்தது. கண்ணை மட்டும் அவள் இன்னும் வெட்டவில்லை.

அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் கப்பலில் வந்திருந்த வியாபாரி எவாரிஸ்தோ அதை எடுத்துக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் மார்தட்டினார்.

"இந்த மீன் என் கனவில் வந்தது. என் வீட்டில் தைத்தது. இனி வேறு யாரும் இதைத் தைக்கக்கூடாது!"

வலை ஊஞ்சலில் சாய்ந்திருந்த ஊர்த்தலைவர், "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்றார்.

இனாதிலி வியாபாரியைப் பார்த்தாள். "ஐயா, உங்கள் மீன் தூங்குகிறதே. விழித்தால் அதன் கண் என்ன நிறம்?"

வியாபாரி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கனவு எனக்குத் தெரியாதா? வெள்ளை!"

இனாதிலி தலைவர் பக்கம் திரும்பினாள். "மஞ்சள், பெரியவரே. கறுப்புத் துணிக்கு அடியில் மிளகாய் விதையளவு ஒளித்து வைத்திருக்கிறேன்."

தலைவர் தலையசைக்க, அவள் கத்தரியின் நுனியால் மெல்லக் கீறினாள். கறுப்பு விலகியது. மஞ்சள் கண் ஒன்று கூட்டத்தைப் பார்த்து விழித்தது.

ஊரே சிரித்தது. தலைவர் மோலாவை இனாதிலியிடம் கொடுத்தார்.

"மீனே விழித்துக்கொண்டது, வியாபாரியாரே. நீங்களும் எழுந்து கப்பலுக்குப் போங்கள்."