கழுத்து வழியாக ஏறிய கொழுப்பு

வயிற்றுக்குள் இருந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாய் இருந்த காலம் அது. வாய் இருந்ததால் சண்டையும் இருந்தது. இரைப்பை உறுமும், குடல் புலம்பும், பித்தம் நல்லதைச் சொன்னாலும் கசப்பாகவே சொல்லும். இவர்கள் எல்லாருக்கும் மேலே, வலப்பக்க விலாவுக்கு அடியில் கனத்த உடம்போடு சாய்ந்து கிடந்தவர் கல்லீரலார். அவர் வைத்ததுதான் சட்டம்.

"சோற்றில்... வருகிற... எவனாக இருந்தாலும்," என்று சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொல்லியிருந்தார், "முதலில் என் வாசலுக்கு வர வேண்டும். உடைந்து வர வேண்டும். குனிந்து வர வேண்டும். நான் பார்த்து அனுப்பினால்தான் அப்புறம் மற்ற இடம்."

குடல் சுவரிலிருந்து அந்த வாசலுக்கு ஆள் ஏற்றிப் போனவன் சிவப்பன் என்ற ரத்தக் குழாய். நாள் முழுக்க அவன் தொண்டை கிழியும். "ஏறு ஏறு! உள்ள போ! முன்னாடி எடம் கெடக்குல்ல, படியிலயே என்ன வேடிக்கை? கல்லீரல் மட்டும் ஏறு, நடுவுல எங்கயும் நிக்காது!"

ஒரு மத்தியானம் முருங்கைக்கீரைச் சோறு வந்து இறங்கியது. கூடவே ஒரு கரண்டி நெய். அந்த நெய்க்குத் தலைவன் நெய்யப்பன். இறங்கியதுமே முருங்கைக்கீரை ஒரு சின்ன மஞ்சள் மூட்டையை அவன் தோளில் வைத்தாள்.

"தம்பி, இது கண்ணுக்குப் போய்ச் சேரணும். பொழுது சாஞ்சா கண்ணுக்கு எதுவுமே தெரியலையாம், சுவத்துல முட்டிக்குதாம். என் மூட்டைக்குத் தண்ணியில கரைஞ்சு போக வராது. உன் தோள்லதான் போக முடியும்."

"நான் போனா அதுவும் போகும்க்கா. கவலைய விடு," என்றான் நெய்யப்பன்.

சற்று நேரத்தில் பித்தம் வந்தது. கல்லீரலாரின் ஆள். "கும்பலா நிக்காத! கலை! கலைன்னு சொல்றேன்ல!" என்று விரட்டி விரட்டிப் பிரித்தது. கணையத்தின் ஆட்கள் வந்து வெட்டினார்கள். நெய்யப்பனின் குடும்பமே துண்டு துண்டானது. மூட்டைக்காக அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். மெலிந்து போய்க் குடல் சுவருக்குள் நுழைந்தான். பக்கத்தில் சர்க்கரையும் புரதமும் குனிந்தபடி சிவப்பனிடம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நெய்யப்பனும் படியில் கால் வைத்தான். குனியவில்லை, தோளில் மூட்டை இருந்தது.

மேலிருந்து குரல் வந்தது.

"யாரடா அவன்... பளபளவென்று? குளித்தாலும் நனையாத பயல்! என்ன கொழுப்பு இருந்தால் என் வாசலுக்கு நிமிர்ந்து வருவான்? தவழ்ந்து வரச் சொல்!"

வயிறே சிரித்தது. மூலையில் வேலைவெட்டி இல்லாமல் கிடந்த குடல்வால்கூடக் கல்லீரலார் மாதிரியே மூச்சு வாங்கி, "என்ன... கொழூப்பூ..." என்று இழுத்துக் காட்டியது.

கொழுப்பு என்பது அதுவரை ஒரு குடும்பப் பெயர். வசவு அல்ல. நெய்யப்பனின் அப்பனும் பாட்டனும் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்ட பெயர். வெட்டினபோது பொறுத்தவனுக்கு இப்போது உடம்பெல்லாம் கொதித்தது.

"எங்க வீட்டுப் பேரையா திட்டாக்குற? டேய், எல்லாரும் வாங்கடா! கை கோத்துக்கங்கடா!"

வெட்டுப்பட்ட துண்டெல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் மஞ்சள் மூட்டை, சுற்றிலும் சனம். புரதத்தின் தோளில் கிடந்த மேல்துண்டைப் பிடுங்கி மேலே இறுக்கிச் சுற்றினான். ஒரே உருண்டை! சட்டம் உடைந்தது.

சிவப்பன் மிரண்டு போனான். "யோவ், இவ்ளோ பெரிய உருண்டை என் வாசல்ல நுழையாதுய்யா. பிரிஞ்சு வா."

"பிரிய மாட்டேன்."

"அப்ப ஏத்த மாட்டேன்."

கீரையில் போட்ட தேங்காயோடு வந்த சில கொழுப்புப் பொடிசுகள் மட்டும், 'நமக்கெதுக்கு வம்பு' என்று கையை உதறிவிட்டுச் சிவப்பனிடம் ஏறிப் போய்விட்டன. கீழேயிருந்து பெருங்குடல் கூவியது: "ஏறாத சரக்கு, வேணாத சரக்கு, எல்லாம் எங்கிட்ட தள்ளு! பின்வாசல் தொறந்தே இருக்கு!"

நெய்யப்பனுக்குக் கோபத்தோடு கோபமாகப் பயமும் வந்தது. பின்வாசலில் தள்ளினால் அவனோடு மூட்டையும் போகும். கண் இருட்டிலேயே கிடக்கும்.

"முடிஞ்சுதா உங்க கூத்து?" என்றது ஒரு குரல்.

சுவருக்கு உள்ளே, சிவப்பனுக்குப் பக்கத்திலேயே, நிறமே இல்லாத ஒருத்தி இருந்தாள். சிவப்பன் சிந்துவதையெல்லாம் அள்ளி எடுத்து, நெஞ்சு வழியாக ஏறி, இடப்பக்கக் கழுத்தடியில் திரும்ப ரத்தத்தில் ஊற்றுவது அவள் வேலை. அவளுக்குப் பெயர் கிடையாது. 'ஏய் தண்ணி' என்பார்கள்.

"இவன் சிந்துவான், நான் அள்ளணும். ஒரு நாளாவது நீ யாருன்னு கேட்டிருப்பானா இவன்?" என்று அவள் சிவப்பனைப் பார்த்துப் பொரிந்தாள். பிறகு நெய்யப்பனிடம் திரும்பினாள். "என் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தள்ளினா தொறக்கும். வா."

"அக்கா, கல்லீரலார் வாசல்...?"

"அது என் வழியிலயே இல்ல. ஆனா மெதுவாத்தான் போவேன். என்னைத் தள்ளிவிட இதயம் கெடையாது. உடம்புக்காரன் மூச்சு விட்டா, கை காலை அசைச்சா, நானும் நகருவேன்."

உருண்டை உள்ளே விழுந்ததும் தெளிந்த நீர் பாலாக வெளுத்தது. கல்லீரலார், "எங்கே அவன்? இழுத்து வா!" என்று கத்திக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னாலேயே முதுகெலும்பை ஒட்டி இருவரும் மேலே ஏறினார்கள்.

போகிற வழியில் நெய்யப்பன் கேட்டான். "அக்கா, உன் பேரு?"

"அதான் இல்லையே."

"எங்க வீட்டுக்கு நிணம்னு இன்னொரு பேர் உண்டு. அதை இன்னும் எவனும் திட்டாக்கல. நீ வெச்சுக்கோ."

கழுத்தடியில் அவள் ஊற்ற, அவன் ரத்தத்தில் குதித்தான். இதயம் திடுக்கிட்டது. "எந்த வழியா வந்த?" "கழுத்து வழியா." "சரி சரி, நிக்காத, ஓடு!" ஓடினான். பசித்த தசைகளெல்லாம் வழிமறித்துக் கேட்டன. கேட்டதற்கெல்லாம் கொடுத்தான். கடைசியில் சுருங்கிப் போன சக்கையும் மஞ்சள் மூட்டையுமாகக் கல்லீரலார் முன்னால் வந்து நின்றான். நிமிர்ந்துதான் நின்றான்.

"கொழுப்பு..." என்று கல்லீரலார் ஆரம்பித்தார்.

"ஆமா, கொழுப்புதான்! எங்கப்பன் பாட்டன் பேரு. ஊரெல்லாம் தின்ன மிச்சம்தான் உனக்கு. இந்தா மூட்டை, கண்ணுக்கு அனுப்பு. இதுவரைக்கும் நான் சுமந்தேன், இனிமே நீ சும!"

கல்லீரலாருக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் மூட்டை ஏற்கெனவே அவர் மடியில் இருந்தது. பல்லை நறநறவென்று கடித்தபடி அனுப்பி வைத்தார். பொழுது சாய்ந்தது. கண் எதிரே சுவர் தெரிந்தது.

நெய்ச்சோறு உள்ளே போனதும் நிணநீர் பாலாய் வெளுப்பதும், கொழுப்பு மட்டும் முதலில் கல்லீரல் வாசலை மிதிக்காமல் கழுத்து வழியாக ஏறி வருவதும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். நிமிர்ந்து நிற்கிறவனைப் பார்த்து "என்ன கொழுப்பு உனக்கு!" என்று இன்றைக்கும் கத்துகிறவர்கள், கத்திவிட்டுக் கீரையில் நெய்யை ஊற்றிக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.