பதினோரு பேர் தொடாத மெஷின்

"நாப்பத்து மூணு ஷீட்டு சார். இந்த மாசம் நான் பாழாக்கினது," அப்படின்னாரு காளிராஜன்.

அச்சாபீசே அவரைத் திரும்பிப் பாத்துச்சு. மொதலாளியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, யார் எத்தன ஷீட்டு வீணாக்கினீங்கன்னு புது மேனேஜர் ஜெயச்சந்திரன் வரிசையா கேட்டுக்கிட்டு வந்தாரு. முன்னாடி நின்ன பதினோரு பேரும், "ஒரு ஷீட்டுகூட இல்ல சார்"னு நெஞ்சை நிமித்திச் சொல்லியிருந்தாங்க.

"வெக்கமா இல்ல? மொதலாளி கேட்டுக்கிட்டு நிக்கிறாரு! இப்பவே புது மெஷின்ல காலண்டர் அடிங்க. ஒரு ஷீட்டு வீணானாலும் வேலை கிடையாது," அப்படின்னு மேனேஜர் கத்தினாரு.

அந்த மெஷின்ல மொத ஷீட்டுலயே நாலு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காந்ததா சரித்திரமே கிடையாது. காளிராஜன் அந்தப் பதினோரு பேர் பக்கம் கையைக் காட்டினாரு.

"சரிங்க சார். ஒண்ணுமே பாழாக்காத அண்ணாச்சிங்க இத்தன பேர் இருக்காங்களே, ஒருத்தர் ஓட்டிக் காட்டட்டும். பாத்து அப்படியே செஞ்சிடறேன்."

பதினோரு பேரும் ஒரு அடி பின்னால போனாங்க.

"ஏன்யா?"ன்னாரு மொதலாளி.

"நாங்க அதைத் தொட்டதே இல்லீங்க," ஒருத்தர் முனகினாரு. "தொட்டா ஷீட்டு வீணாயிடும்ல."

மொதலாளி அதிர்ந்துட்டாரு. "அப்ப ஆறு மாசமா அடிச்ச காலண்டரெல்லாம்?"

"நான் அடிச்சதுதாங்க," அப்படின்னாரு காளிராஜன்.

மொதலாளி சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு மெஷின்கிட்ட போனாரு. அங்கிருந்து சத்தம் வந்துச்சு: "காளிராஜா, வாப்பா! எல்லாருக்கும் சொல்லிக் குடு. மொத ஷீட்டை மேனேஜர் பாழாக்கட்டும்."

காளிராஜன் போனாரு.