காத்தாயியின் வயிற்றெரிச்சல்

அந்தக் காலத்தில், கோழியின் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருக்கள்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அப்போது எல்லாக் கருக்களும் ஒன்றாகவே முதிர்ந்து, ஒரே நாளில் முட்டையாகி வெளியே வரும். தாய்க்கோழிக்கு அன்றைக்கு உயிர் போய் உயிர் வரும். யார் மூத்தவள், யார் இளையவள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதுதான் காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாம்பல் கோழியின் வயிற்றில் கொத்தாகத் தொங்கிய கருக்குலையில் முதலில் பிறந்தவள் அவள். அவளை ஒட்டித் தொங்கிய தங்கை பூவாயியோ நேற்று முளைத்தவள். ஆனால் தளதளவென்று அக்காவை மிஞ்சி வளர்ந்துகொண்டிருந்தாள்.

ஒவ்வொரு கருவைச் சுற்றியும் அடுப்புக்காரிகள் உட்கார்ந்திருப்பார்கள். கருவை முதிரவைக்கும் சாற்றைக் காய்ச்சுவது அவர்கள் வேலை. படித்தவர்கள் இன்று அதை ஹார்மோன் என்கிறார்கள். பேர் என்னவானால் என்ன, அதைக் காய்ச்சாவிட்டால் கரு சுருங்கிப்போகும்.

"பூவாயி அடுப்பு மட்டும் ஏண்டி அப்படிக் கொதிக்குது?" என்றாள் காத்தாயி.

"எல்லா அடுப்பும் ஒண்ணுதான் தாயி. உங்க கண்ணுதான் அங்கேயே கிடக்கு" என்றாள் அவளுடைய அடுப்புக்காரி.

அந்த நேரம் பார்த்துப் பூவாயி வெள்ளந்தியாகக் கேட்டாள். "அக்கா, நான்தான் முதல்ல வெளிய போவேன்போல இருக்கு. உனக்கு இடம் பிடிச்சு வைக்கட்டுமா?"

மூத்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்க, இளையவள் முன்னால் போவதா? காத்தாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. வயிற்றுக்குள் இருப்பவளுக்கே வயிற்றெரிச்சல் வந்தால் அது எங்கே போகும்? வியர்வையாகக் கசிந்தது. துடைத்திருக்கலாம். அவள் துடைக்கவில்லை.

"போய்த் தங்கச்சிங்க அடுப்பையெல்லாம் அணைக்கச் சொல்லு" என்று அந்த வியர்வையையே தூது அனுப்பினாள். அது சொட்டிய இடமெல்லாம் அடுப்பு அணைந்தது. அவளுடைய அடுப்புக்காரிகள் மட்டும் அவள் வியர்வைக்குப் பழகியவர்கள், இன்னும் மும்முரமாகக் காய்ச்சினார்கள்.

"அக்கா, குளிருதே!" என்று பூவாயி அழுதாள். காத்தாயிக்கு அது கேட்கக் கேட்க இனித்தது.

மறுநாள் அவள் மட்டும் முட்டையாகிக் கூட்டுக்கு வந்தாள். முதல் ஆள்! ஆனால் முதல் என்று ஒப்புக்கொள்ள இரண்டாவது ஆள் வேண்டாமா? வைக்கோலைத் தவிர யாருமில்லை. அடுத்த நாள் பக்கத்தில் பூவாயி வந்து விழுந்தபோது காத்தாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படிடி வந்தே?"

"நீ போனதும் உன் வியர்வை வத்திப்போச்சு. என் அடுப்பு மறுபடி மூண்டுச்சு."

"மத்த தங்கச்சிங்க எங்கே?"

பூவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவங்க அடுப்பை என் வியர்வையை விட்டு நான் அணைச்சுட்டு வந்தேன்."

"குளிருதுன்னு அழுதவ நீதானேடி!"

"எனக்கு அடுத்தவ என்னைவிடப் பளபளன்னு இருந்தா அக்கா."

திட்ட வாயெடுத்த காத்தாயி, வைக்கோலில் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.

அன்று முதல்தான் கோழி நாளுக்கொரு முட்டை இடுகிறது. அதன் கருக்குலையில் பெரிதும் சிறிதுமாக அக்கா தங்கைகள் வரிசையாகத் தொங்குவதும், மேலே இருப்பவளின் பொறாமை எப்போது வற்றும் என்று கீழே இருப்பவள் காத்திருப்பதும் அன்று முதல்தான்.