கறுத்த நார்த்தங்காய்

மடத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கில அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. எழுதும் வேலை அம்பலவாணனுக்கு. வயது அறுபத்து மூன்று, சென்னையில் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமதி இறந்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். குரு வேலப்ப சாமி அவரைவிட இருபது வயது இளையவர். அதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிற மடத்துச் சீடர்களான எங்களுக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

ஒரு நாள் காலை, 'டிகே' (decay) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்ததும் அம்பலவாணனின் பேனா நின்றுவிட்டது.

"சாமி, இதுக்கு அழுகல்னு எழுதினா போதுமா?"

"இரும்பு அழுகுமா?"

"துருப்பிடிக்கும்."

"சோறு?"

"ஊசிப்போகும்."

"மரம்?"

"உளுத்துப்போகும். துணி இத்துப்போகும். இலை மக்கும். பல்லு சொத்தையாகும்."

"எல்லாத்தையும் எழுதுங்க. எது போகுதுன்னு பார்த்துத்தான் நாம பேர் வெச்சிருக்கோம்."

எழுதினார். எழுதி முடித்தும் பேனாவை மூடவில்லை.

"குரல் போனா என்ன சொல்றது, சாமி?"

"யார் குரல்?"

"கோமதி குரல். அவ திருநெல்வேலிக்காரி. முப்பது வருஷம் சென்னையில இருந்தும் 'வரணும்லா, போகணும்லா'ன்னுதான் பேசுவா. நான் கேலி பண்ணுவேன். அவ போய் மூணு வருஷம், தினமும் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. போன வாரத்துலேர்ந்து கேக்கலை. முகம் வருது, வாய் அசையுது, சத்தம் மட்டும் இல்லை. தவிப்பா இருக்கு சாமி. நான்தான் அவளை அழுக விட்டுட்டேனோன்னு தோணுது."

சாமி அகராதித் தாள்களை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவங்க கையால செஞ்சது ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒரு ஜாடி உப்பு நார்த்தங்காய். கடைசியாப் போட்டது. தொட மனசு வராம அப்படியே வெச்சிருந்தேன். நேத்து திறந்து பார்த்தா அதுவும் கன்னங்கரேல்னு ஆகிக் கிடக்கு. கொட்டவும் மனசு வரலை."

"எடுத்துட்டு வாங்க."

வாயில் துணி கட்டிய பீங்கான் ஜாடி. சாமி அவிழ்த்து மோந்து பார்த்தார். சமையற்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் பழைய சோறு வரவழைத்தார். ஜாடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தே விட்டார். அம்பலவாணனுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"இது கெட்டுப்போகலை. நாள்பட்டா நார்த்தங்காய் கறுக்கத்தான் செய்யும். பழசைத்தான் வயித்துக்கு மருந்தா தேடுவாங்க. தபால் இலாகாவுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க போல."

அம்பலவாணன் சிரிக்கவில்லை.

சாமி மென்றுகொண்டே சொன்னார்: "ஆனா உப்பு கரிக்குது. கோமதி அம்மாவுக்குக் கை கொஞ்சம் தாராளம்."

அம்பலவாணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. குருவிடம் அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

"அவ தெரிஞ்சேதான் போட்டா. நானும் இதையேதான் சொல்லுவேன். உடனே இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, 'மூணு காய்க்கு ஒரு கைப்பிடி போட்டாத்தான் ஆச்சு. மழை தாண்டி நிக்கணும்லா'ன்னு..."

அந்த 'லா'வை நன்றாக இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜாடிக்குள் கைவிட்டு, நகக்கண் அளவுக்கு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அவசரமாகத் துணியைக் கட்டினார்.

"போதும் சாமி. சாப்பிட்டா தீர்ந்துடும். தீர்ந்துட்டா மறுபடியும் கேக்காமப் போயிடும்."

சாமி துணியை மறுபடி அவிழ்த்து, கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தீரட்டும். வெள்ளிக்கிழமை சந்தைக்கு நார்த்தங்காய் வரும். மூணு காய்க்கு ஒரு கைப்பிடி உப்பு. இப்பத்தானே அம்மா சொன்னாங்க."